செல்பேசித் தரவில் ஏறிய குரல்: இந்தியாவில் மலிவு இணைய அழைப்பின் வரலாறு, 1995–2025

செல்பேசியின் தரவு இணைப்பைக் கொண்டு மிகக் குறைந்த செலவில் தொலைதூரத்துக்குப் பேசும் வழக்கம் இந்தியாவில் பரவியதைத் தொழில்நுட்ப வளர்ச்சியின் இயல்பான விளைவாகக் காண்பதே பலரின் பார்வை. ஆனால் குரலை எண்களாக மாற்றிக் கணினி வலையமைப்பில் அனுப்பும் முறை 1970-களின் நடுப்பகுதியிலேயே, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில், டேனி கோஹன் முதலிய ஆய்வாளர்களால் செய்து காட்டப்பட்டுவிட்டது. அது இந்தியச் செல்பேசிகளில் பெருவழக்காவதற்கு 2015-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் வரை ஆனதை, இணைய வேகம் போதவில்லை என்ற ஒரே காரணத்தால் விளக்கிவிட முடியாது. தொலைபேசிக் கட்டணத்துக்கும் அதன் அடக்கச் செலவுக்கும் இடையில் சட்டமோ ஏகபோகமோ எங்கெல்லாம் ஓர் இடைவெளியை உண்டாக்கி வைத்திருந்ததோ, அங்கெல்லாம் இணைய அழைப்பு நுழைந்தது என்பதும், அந்த இடைவெளி குறுகிய இடங்களில் அதன் தேவையும் குறைந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

குரல் பொதியாகும் விதம்

பழைய தொலைபேசி முறையில், ஒருவர் எண்ணைச் சுழற்றி மறுமுனை எடுக்கப்பட்ட கணம் முதல் வைக்கப்படும் கணம் வரை, இரு முனைகளுக்கும் நடுவே ஒரு தடம் அவ்வழைப்புக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். இருவரும் பேசாமல் மௌனமாக இருந்தாலும் அத்தடம் பிறருக்குப் பயன்படாது. நொடிக்கு 8,000 முறை குரலலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளால் குறித்ததால், அத்தடத்தின் கொள்ளளவு நொடிக்கு 64,000 பிட்டாக வகுக்கப்பட்டது. இணைய அழைப்பில் அத்தகைய ஒதுக்கீடு எதுவும் இல்லை. குரல் சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் சேருமிடத்தின் முகவரியைத் தாங்கிய பொதியாக, மின்னஞ்சலும் படங்களும் செல்லும் அதே பாதையில் செல்கிறது. குரலைச் சுருக்கி விரிக்கும் கணித முறைக்குக் கோடெக் என்று பெயர். 1996-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரப்படுத்திய ஜி.729 என்ற கோடெக், நொடிக்கு 64,000 பிட்டுகள் கேட்ட குரலை 8,000 பிட்டுகளுக்குள் அடக்கியது.

இந்தச் சுருக்கத்தின் பலன் முழுமையாகக் கைக்கு வரவில்லை. ஜி.729 முறையில் 20 மில்லிநொடிக் குரல் 20 பைட்டுகளில் அடங்கிவிடும். ஆனால் அதன்மேல் ஒட்டப்படும் முகவரி, வரிசை எண், நேரக் குறிப்பு ஆகியவை மட்டும் 40 பைட்டுகள். கடிதத்தைவிட உறையின் எடை இரு மடங்கு என்ற நிலைதான் இது. நொடிக்கு 50 பொதிகள் எனக் கணக்கிட்டால் ஒரு திசையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 கிலோபைட்டும், இரு திசைகளையும் சேர்த்தால் 360 கிலோபைட்டும் செலவாகும். இந்த 360 என்ற எண் பின்னர் நிகழ்ந்த கட்டணப் போராட்டத்தின் மையத்தில் இருந்தபோதிலும், அந்நாளைய விவாதங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை.

தரவின் அளவைவிடத் தாமதமே செல்பேசிகளுக்குப் பெரிய தடையாக இருந்தது. பேசுபவரின் வாயிலிருந்து கேட்பவரின் காதுக்குக் குரல் சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆகாதிருப்பது நல்லது என்பது பன்னாட்டு ஒன்றியத்தின் பரிந்துரை. அதை வெகுவாகத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, உரையாடல் முட்டிமோதும். இரண்டாம் தலைமுறைச் செல்பேசிகளின் தரவு முறையான ஜி.பி.ஆர்.எஸ்.-இல் ஒரு பொதி போய்த் திரும்புவதற்கே அரை நொடிக்கு மேல் ஆனது. மூன்றாம் தலைமுறையில் அது நொடியின் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வந்தது. நான்காம் தலைமுறையில் மேலும் பாதியாகக் குறைந்தது.

தடையின் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசு நிறுவனத்தால், அதாவது வி.எஸ்.என்.எல்.-ஆல், தொடங்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் வோக்கல்டெக் என்ற இஸ்ரேலிய நிறுவனம், வீட்டுக் கணினிகளில் இயங்கும் முதல் வணிக இணையத் தொலைபேசி மென்பொருளை வெளியிட்டிருந்தது. வெளிநாட்டு அழைப்புகளின் ஏகபோகமும் இணையத்தின் ஏகபோகமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால், ஒரு வாடிக்கையாளர் இணையத்தின் வழியே வெளிநாட்டுக்குப் பேசுவது அந்நிறுவனம் தன் வருவாயைத் தானே அரித்துக்கொள்வதாக முடியும். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குப் பேச நிமிடத்துக்கு 60 ரூபாய்க்கும் மேல் கட்டணம் இருந்ததை நினைத்தால், இணையத் தொலைபேசித் தளங்களை வி.எஸ்.என்.எல். தடுத்துவைத்ததில் வியப்பில்லை. 1998 இறுதியில் தனியார் இணையச் சேவையாளர்கள் அனுமதிக்கப்பட்ட பிறகும் தடை தொடர்ந்தது. 1999-இன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, இணையத் தொலைபேசி இப்போதைக்கு அனுமதிக்கப்படாது என்று வெளிப்படையாகவே அறிவித்தது.

வி.எஸ்.என்.எல்.-இன் வெளிநாட்டு ஏகபோகம் 2002 மார்ச் 31-உடன் முடிவுக்கு வந்தது. மறுநாள், ஏப்ரல் 1 முதல், இணையத் தொலைபேசி சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. இரு நாள்களும் அடுத்தடுத்து அமைந்தது தற்செயல் அன்று. ஆயினும் அனுமதி அரைகுறையாகவே வந்தது. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம். கணினியிலிருந்து வெளிநாட்டிலுள்ள சாதாரணத் தொலைபேசிக்கும் பேசலாம். உள்நாட்டிலுள்ள தொலைபேசி எண் எதற்கும் பேசக் கூடாது. உள்நாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் பெரும் உரிமக் கட்டணம் செலுத்தியிருந்ததால் அவற்றின் எல்லைக்குள் இணையச் சேவையாளர் புகுவதை அரசு விரும்பவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனம் தன் ஐ-வே இணைய மையங்களில் அவ்வாண்டே வெளிநாட்டு அழைப்பு வசதியை அளித்தது. அதுவரை எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகளில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாகப் பேசி முடித்த குடும்பங்கள், காதுக் கருவியை மாட்டிக்கொண்டு கணினியின் முன் அமர்ந்து பேசத் தொடங்கின.

எதிர்த்திசையில், அதாவது வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் அழைப்புகளில், இடைவெளி இன்னும் அகலமாக இருந்தது. 2003 முதல் 2008 வரை, கிராமப்புறத் தரைவழித் தொலைபேசியின் நட்டத்தை ஈடுசெய்யும் பொருட்டு அணுகல் பற்றாக்குறைக் கட்டணம் என்ற ஒரு சுமை ஒவ்வொரு வெளிநாட்டு அழைப்பின்மீதும் ஏற்றப்பட்டிருந்தது. தொடக்க ஆண்டுகளில் அது நிமிடத்துக்குச் சில ரூபாய் என்ற அளவில் இருந்தது. அதைத் தவிர்க்கும் வழி எளிது: வெளிநாட்டு அழைப்பை இணையத்தின் வழியே ரகசியமாக உள்ளே கொண்டுவந்து, பல சிம் அட்டைகள் செருகிய ஒரு பெட்டியின் மூலம் உள்ளூர் அழைப்பாக மாற்றிவிட வேண்டியதுதான். சிம் பாக்ஸ் என்று வழங்கும் இச்சட்டவிரோத இணைப்பகங்கள் உண்மையில் இணைய அழைப்பின் மறைமுகப் பயனர்களே. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வாழும் ஈழத்தமிழர் தம் உறவினரிடம் பேசக் கடைகளில் வாங்கிய அழைப்பு அட்டைகளுக்குப் பின்னாலும் பெரும்பாலும் இணையவழிக் கடத்தல் முறையே இயங்கியது. அட்டையைச் சுரண்டி எண்ணை அழுத்தியவர்கள் தாம் இணையத்தைப் பயன்படுத்துவதாக ஒருபோதும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

செல்பேசிக்குள் நுழைதல்

2003 ஆகஸ்டில் வெளியான ஸ்கைப், சுவீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃபிரீஸ் ஆகியோரால் நிறுவப்பட்டு, எஸ்டோனிய நிரலாளர்களால் எழுதப்பட்டது. அலுவலகத் தடுப்புச் சுவர்களையும் வீட்டு ரவுட்டர்களையும் தாண்டிச் செல்லப் பயனர்களின் கணினிகளையே இடைநிலையங்களாகப் பயன்படுத்திக்கொண்ட அதன் உத்தி கணினிக்குப் பொருத்தமானது. மின்கலத்தில் இயங்கும் செல்பேசிக்கு அது ஒத்துவரவில்லை. செல்பேசியில் முதலில் வேரூன்றியது வேறொரு வழி. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் இரு முனைகளும் பரிமாறிக்கொள்ளும் செய்திகளுக்கான பொது நெறிமுறையான எஸ்.ஐ.பி. 1999-இல் வெளியாகி 2002-இல் திருத்தம் பெற்றது. நோக்கியா நிறுவனம் 2006-இல் தன் ஈ-வரிசைக் கைபேசிகளிலேயே இந்நெறிமுறையை உள்ளிணைத்தது. யாரேனும் ஒரு மலிவுச் சேவையாளரிடம் சில யூரோக்கள் செலுத்திக் கணக்குத் தொடங்கி, அதன் விவரங்களைக் கைபேசியின் அமைப்புப் பகுதியில் நிரப்பிவிட்டால், முகவரிப் புத்தகத்திலிருந்தே இணைய அழைப்பு விடுக்கலாம். அமைப்பதற்குப் பொறுமை வேண்டியிருந்தது. ஆனால் எந்தச் செல்பேசி நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

அந்த அனுமதியின்மையே செல்பேசி நிறுவனங்களை உறுத்தியது. 2007-இல் பிரிட்டனில் ஆரஞ்சு, வோடஃபோன் நிறுவனங்கள் தாம் விற்ற நோக்கியா என்-95 கைபேசிகளில் இவ்வசதியை நீக்கிவிட்டே விற்றன. 2009-இல் ஐபோனுக்கான ஸ்கைப் செயலி வந்தபோது அது வைஃபையில் மட்டுமே இயங்கியது. மூன்றாம் தலைமுறைத் தரவில் இணைய அழைப்பை அனுமதிப்பதாக அமெரிக்காவின் ஏ.டி.&டி. அவ்வாண்டு அக்டோபரில்தான் இசைந்தது. நெதர்லாந்தின் கே.பி.என். நிறுவனம் 2011-இல் இத்தகைய செயலிகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கப் போவதாக அறிவித்ததன் விளைவாக, 2012-இல் அந்நாடு ஐரோப்பாவின் முதல் இணையச் சமநிலைச் சட்டத்தை நிறைவேற்றியது. எந்தத் தளம், எந்தச் செயலி என்று பாராமல் எல்லாப் பொதிகளையும் ஒரே விதமாக நடத்த வேண்டும் என்ற கோட்பாடே இணையச் சமநிலை. அக்கோட்பாட்டை ஐரோப்பாவில் முதலில் சட்டமாக்கியது திரைப்படமோ செய்தித்தாளோ அன்று, மலிவு அழைப்பு என்பது கவனத்துக்குரியது.

இந்தியாவில் நிலைமை வேறு. 2009 ஜூனில் டாடா டோகோமோ நொடிக்கு 1 காசு என்ற கட்டணத்தை அறிமுகப்படுத்தியதும் பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்ததால், உள்ளூரில் பேசுவது உலகிலேயே மிக மலிவான ஒன்றாயிற்று. மிஸ்டு கால் கொடுத்துச் செய்தி உணர்த்தும் கலையில் தேர்ந்துவிட்ட மக்களுக்கு உள்நாட்டு அழைப்பை மேலும் மலிவாக்கும் கருவி எதுவும் அவசரமாகத் தேவைப்படவில்லை. 2010-இல் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை 67,719 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அந்தச் செலவை ஈடுகட்டத் தரவின் விலை உயரத்திலேயே நின்றது. இவ்விரண்டும் சேர்ந்து இந்தியாவில் செல்பேசி இணைய அழைப்பை முதன்மையாக வெளிநாட்டில் உறவினரை உடையோரின் கருவியாக ஆக்கின. நிம்பஸ், ஃபிரிங் போன்ற செயலிகள் அவர்களிடையே பரவின. 2008 ஆகஸ்டிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையத்திலிருந்து உள்நாட்டு எண்களுக்குப் பேசவும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தும் அரசு அதை ஏற்கவில்லை. 2014 நவம்பரில் ஸ்கைப், இந்தியாவுக்குள்ளிருந்து இந்திய எண்களுக்குப் பேசும் கட்டணச் சேவையை நிறுத்திக்கொண்டது.

2010 டிசம்பரில் வெளியான வைபர் செயலி செய்த மாற்றம் சிறியதாகத் தோன்றினாலும் விளைவு பெரிது. கணக்குப் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டுச் செல்பேசி எண்ணையே அடையாளமாக அது கொண்டதால், முகவரிப் புத்தகத்தில் இருப்போரில் யாரிடம் அச்செயலி உள்ளது என்பது உடனே தெரிந்தது. அழைப்பு வரும்போது மட்டும் செயலியை எழுப்பும் அறிவிப்பு முறையை ஆப்பிளும் கூகுளும் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் ஏற்படுத்தியதால், நாள் முழுவதும் இணைப்பைப் பிடித்துவைத்து மின்கலத்தைக் காலிசெய்யும் தேவையும் ஒழிந்தது. 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற கோடெக், வலையமைப்பின் நிலைக்கேற்பத் தன் அளவைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் திறன் பெற்றிருந்தது. உரிமக் கட்டணமும் இல்லை. 2015 வசந்த காலத்தில் வாட்ஸ்ஆப் தன் செயலியில் குரல் அழைப்பைச் சேர்த்தபோது, இத்தனை துண்டுகளும் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தன. அதற்குள் வாட்ஸ்ஆப் இந்தியக் கைபேசிகளில் குறுஞ்செய்தியின் இடத்தைப் பிடித்துவிட்டிருந்ததால், குரல் அழைப்புக்கென்று யாரும் புதிதாக எதையும் நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

எழுபத்தைந்து ரூபாய்த் திட்டமும் அதன் எதிரொலியும்

2014 டிசம்பர் இறுதியில் ஏர்டெல் நிறுவனம், இணைய அழைப்புக்கான தரவு இனிச் சாதாரணத் தரவுத் திட்டங்களில் அடங்காது என்றும், அதற்கென 75 ரூபாய்க்கு 75 மெகாபைட் தரும் தனித் திட்டம் வரும் என்றும், திட்டம் வாங்காதோருக்கு மூன்றாம் தலைமுறையில் 10 கிலோபைட்டுக்கு 4 காசும் இரண்டாம் தலைமுறையில் 10 காசும் வசூலிக்கப்படும் என்றும் அறிவித்தது. மேலே கண்ட 360 கிலோபைட் கணக்கை இங்குப் பொருத்திப் பார்த்தால் அறிவிப்பின் உள்நோக்கம் புலனாகும். திட்டம் வாங்காதவருக்கு இணையத்தில் ஒரு நிமிடம் பேச மூன்றாம் தலைமுறையில் 1 ரூபாய் 44 காசும், இரண்டாம் தலைமுறையில் 3 ரூபாய் 60 காசும் ஆகும். நொடிக்கு ஒரு காசு என்ற சாதாரண அழைப்புக்கோ 60 காசுதான். தனித் திட்டம் வாங்கினாலும் நிமிடத்துக்கு 36 காசு. அக்காலத்தில் ஒரு கிகாபைட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 270 ரூபாய் என்ற விலையில் சாதாரணத் தரவாகக் கணக்கிட்டிருந்தால் 10 காசுக்குள் முடிந்திருக்கும். எனவே அந்த விலை, தரவைக் கொண்டு சேர்க்கும் செலவிலிருந்து பிறந்தது என்று கொள்வது கடினம். குரல் வருவாயைக் காக்கும் வேலியாகவே அது வகுக்கப்பட்டது.

சில நாள்களிலேயே அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 2015 மார்ச் 27 அன்று டிராய் வெளியிட்ட ஆலோசனை அறிக்கைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அதே ஆண்டு வெளியான தொலைத்தொடர்புத் துறைக் குழுவின் அறிக்கை, உள்நாட்டு இணைய அழைப்புகளை மட்டும் உரிமத்தின்கீழ்க் கொண்டுவரலாம், வெளிநாட்டு அழைப்புகளைத் தளர்வாக விடலாம் என்று பிரித்துப் பேசியது. 2002-இன் பழைய கோடு பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் அழியாமல் இருந்ததை இதில் காணலாம். இறுதியில் டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பார்த்துத் தரவின் விலையை மாற்றக் கூடாது என்று ஒழுங்குவிதி வகுத்தது. முகநூலின் இலவச இணையத் திட்டத்தை நிறுத்திய விதி என்றே அது பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. இணைய அழைப்புக்குத் தனி விலை வைக்கும் வழியையும் அதுவே அடைத்தது.

போட்டியாளரே இணையமாதல்

2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கிய ரிலையன்ஸ் ஜியோவிடம் இரண்டாம், மூன்றாம் தலைமுறை வலையமைப்புகள் எதுவும் இல்லை. எனவே குரலுக்கென்று தனித் தடமும் இல்லை. அதன் ஒவ்வொரு அழைப்பும் வோல்டி முறையில், அதாவது நான்காம் தலைமுறைத் தரவின்மீதே, எஸ்.ஐ.பி. நெறிமுறையின் துணையுடன் பொதிகளாகவே சென்றது. நோக்கியா ஈ-வரிசைக் கைபேசியில் ஒருவர் பொறுமையாக நிரப்பிய அமைப்புகளும், ஜியோ சிம் அட்டை தானாக நிரப்பிக்கொண்ட அமைப்புகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வேறுபாடு, குரல் பொதிகளுக்கு வோல்டியில் முன்னுரிமைப் பாதை உண்டு என்பதே. குரலுக்குக் கட்டணமே இல்லை, தரவுக்கு மட்டுமே விலை என்று ஜியோ அறிவித்ததுடன் உள்நாட்டில் இணைய அழைப்புக்கும் சாதாரண அழைப்புக்கும் இடையிலான விலை வேறுபாடு மறைந்தது. 2014-இல் 270 ரூபாயை ஒட்டியிருந்த ஒரு கிகாபைட்டின் சராசரி விலை 2018-இல் 12 ரூபாயை ஒட்டி இறங்கியது.

பழைய முறையின் எச்சம் ஒன்று மட்டும் சில ஆண்டுகள் நீடித்தது. ஒரு நிறுவனத்தின் அழைப்பு இன்னொரு நிறுவனத்தின் வலையமைப்பில் சென்று முடியும்போது முன்னது பின்னதற்குச் செலுத்த வேண்டிய அழைப்பு முடிப்புக் கட்டணம், 2009-இல் நிமிடத்துக்கு 20 காசாகவும், 2015-இல் 14 காசாகவும், 2017 அக்டோபரில் 6 காசாகவும் குறைக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் முற்றிலும் நீக்கப்பட்டது. வாட்ஸ்ஆப் அழைப்புக்கு இத்தகைய கட்டணம் எக்காலத்திலும் இருந்ததில்லை, ஏனெனில் அழைப்பவரும் கேட்பவரும் தத்தம் தரவுக்குத் தாமே விலை கொடுத்துவிடுகின்றனர். இக்கட்டணத்தைப் பற்றிய சச்சரவு 2019-இல் ஒரு வேடிக்கையான எல்லையைத் தொட்டது: மணி ஒலிக்கும் நேரத்தை நிறுவனங்கள் குறைத்துக்கொண்டே போக, எடுக்கப்படாமல் துண்டிக்கப்படும் அழைப்புகள் திரும்ப அழைக்கப்பட்டு வருவாயின் திசையை மாற்றுகின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்து, மணி 30 நொடி ஒலிக்க வேண்டும் என்று டிராய் விதிசெய்ய வேண்டியதாயிற்று.

உள்நாட்டு எண்களுக்கு இணையவழி பேசும் உரிமை முழுமையாகக் கிடைத்தது 2018 ஜூனில்தான். அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். ஆண்டுக்கு 1,099 ரூபாயில் விங்ஸ் என்ற செயலிவழிச் சேவையை அறிவித்தது. பதினாறு ஆண்டுகள் கேட்டும் கிடைக்காத அனுமதி, அதன் தேவை ஏறக்குறைய தீர்ந்துவிட்ட பிறகு வந்தது. வரம்பற்ற அழைப்புடன் கூடிய மாதத் திட்டங்களுக்குப் பழகிவிட்ட வாடிக்கையாளர்களை அது பெரிதாக ஈர்க்கவில்லை.

இடைவெளி இன்றும் திறந்திருக்கும் இடம் கடல் தாண்டியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெறாத இணைய அழைப்புகள் தடைசெய்யப்பட்டிருப்பதால், அங்குப் பணிபுரியும் தமிழ்த் தொழிலாளர் வாட்ஸ்ஆப்பில் எழுதலாம், குரல் செய்தி அனுப்பலாம், நேரடியாகப் பேச முடியாது. 2018 ஜனவரியில் எடிசலாட் நிறுவனம் போட்டிம் முதலிய செயலிகளை மாதம் 50 திர்ஹம் கட்டணத்துக்கு அனுமதித்தது. சவூதி அரேபியா 2017 செப்டம்பரிலேயே பெரும்பாலான தடைகளை நீக்கிவிட்டது. இதனால் ஒரே ஊரிலிருந்து சென்று ஒருவர் ரியாத்திலும் ஒருவர் துபாயிலும் இருக்கும் குடும்பத்தில், வீட்டுக்குப் பேசும் செலவு இரு வகைப்படுகிறது. இந்தியாவின் பக்கத்திலும் 2020 மே முதல் வெளிநாட்டிலிருந்து வரும் சாதாரண அழைப்புக்கு நிமிடத்துக்கு 35 முதல் 65 காசு வரை முடிப்புக் கட்டணம் பெறும் விதி வகுக்கப்பட்டது; உள்நாட்டில் அக்கட்டணம் சுழியத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், வெளிநாட்டு அழைப்பில் அது உயர்ந்தது.

செயலிவழி அழைப்புகளை உரிமத்தின்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை, 2020 செப்டம்பரில் டிராய் அது இப்போதைக்குத் தேவையில்லை என்று பரிந்துரைத்த பின்னும், 2023 ஜூலையில் மீண்டும் ஆலோசனைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம், 1885-இன் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்தபோது, செயலிகள் அதற்குள் அடங்கா என்று துறை அமைச்சர் கூறினார்; சட்டத்தில் உள்ள தொலைத்தொடர்பு என்பதன் வரையறையோ அவற்றை உள்ளே இழுக்கும் அளவுக்கு விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. இணையத்திலிருந்து உலகின் எந்தத் தொலைபேசி எண்ணுக்கும் சில காசுகளில் பேச முதன்முதலில் பெருந்திரளான மக்களைப் பழக்கிய ஸ்கைப், 2025 மே 5 அன்று மூடப்பட்டது. செயலி இல்லாத எண்களுக்கு, அதாவது வங்கிகளின் தரைவழி எண்களுக்கும் பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து பேச விரும்புவோர் மட்டுமே இன்று நிமிடக் கணக்கில் காசு கொடுத்து இணைய அழைப்பு வாங்குகின்றனர்.